சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் திருவருகைக்காலம் முதல் உயிர்ப்பு (ஈஸ்டர்) வரை: வேலூரில் கிடைக்கிற பொருளை வைத்து எப்படி?

சத்துவாச்சாரி_அம்மா

இயேசுவுக்கே புகழ். பிள்ளைகளுக்கு வயது ஐந்தும் இரண்டும். மாடி போர்ஷன், ஒரே ஹால். இந்த 2026-இல் திருவருகைக்காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறு அடங்கிய காலம், நவம்பர் 29 ஞாயிறு தொடங்குகிறது. அதற்குள் மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஞாயிறுக்கு ஒன்றாக நாலு திரி ஏற்றுகிற திருவருகைக்கால வளையத்துக்கு ஊதா மெழுகுதிரி கடைகளில் இல்லை, எல்லாம் வெள்ளைதான். இலைக்குச் சவுக்கு போடலாமா? அடுத்தது இயேசு பிறப்புக் குடில்: சின்னவன் கைக்கு எட்டாமல் வைத்தால் பெரியவளுக்கும் எட்டாது. மூன்றாவது உயிர்ப்புக்கு முந்தின தவக்காலம்: இந்த வயதுக்கு எதைச் செய்யச் சொல்வது?

இணையத்தில் வருகிற படமெல்லாம் பனியும் பைன் கிளையும். நம்ம ஊர் வெயிலுக்கும் மின்விசிறிக்கும் ஒத்து வருகிற மாதிரி சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை

மரியே வாழ்க. அக்கா, சவுக்கு வேண்டவே வேண்டாம். பறித்த அன்றைக்குப் பார்க்க பைன் மாதிரியே இருக்கும். மூணு நாளில் காய்ஞ்சு உதிரும், காய்ஞ்ச சவுக்கு தீக்குச்சி மாதிரி பிடிக்கும். மாவிலை எடுங்க. வாடினாலும் உதிராது, சுருளும் அவ்வளவுதான். இருபத்தஞ்சு முப்பது இலை போதும், சனிக்கிழமை சாயங்காலம் மாத்திடுங்க. அந்த வேலையைப் பெரியவளுக்கே கொடுத்திடலாம். குரோட்டன்ஸ் கலந்தா நிறமும் வரும்.

வளையம்னு கம்பியை வளைச்சுக் கஷ்டப்பட வேணாம். வீட்டில் இருக்கிற எவர்சில்வர் தாம்பாளம், 30 செ.மீ. குறுக்களவு இருந்தா நல்லது. அதில் மூணு செ.மீ. உயரத்துக்குச் சலிச்ச மணல். நாலு திரியை நாலு மூலையில் மணலுக்குள் நல்லா அழுத்தி நிறுத்துங்க, ஒண்ணுக்கொண்ணு பத்து செ.மீ. இடைவெளி. நடுவில் வெள்ளைத் திரி, அது கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு. இலையைத் தாம்பாளத்தின் வெளி விளிம்பில் வெளிப்பக்கம் பார்த்துச் செருகணும். திரிக்கும் இலைக்கும் நாலு விரல் தூரம் கட்டாயம். மணல் எதுக்குன்னா, திரி சுலபத்தில் சாயாது, உருகுற மெழுகு மேசையில் ஒட்டாது.

ஊதா நிறம்: வெள்ளைத் திரி மேலே ஊதா ரிப்பன் சுத்தாதீங்க. திரி குறைஞ்சு வரவர தீ ரிப்பனுக்கு வந்துடும், யாரும் கவனிக்க மாட்டாங்க. கிரேயானை உருக்கி மெழுகில் கலக்கிற யோசனை இணையத்தில் நிறைய இருக்கு. அந்த நிறத்தூள் திரிநூலை அடைச்சுடும், சுடர் சின்னதாகி அணைஞ்சு அணைஞ்சு போகும். சுலபமான வழி, தாம்பாளத்தின் வெளிப்பக்கம் திரிக்கு நேரே ஒரு அட்டை வட்டம்: மூணு ஊதா, ஒரு ரோஸ். பிள்ளைக்கு அதுவே கணக்குப் பாடம்.

குடியாத்தம்_தீப்பெட்டி

மேலே சொன்னதோட ஒரு கணக்கு. நாலு திரியும் ஒரே அளவில் வாங்கினால் முதல் திரி பாதியில் தீர்ந்துவிடும். இந்த வருஷம் நவம்பர் 29 முதல் டிசம்பர் 24 வரை 26 மாலை. முதல் திரி 26 தடவை எரியணும், இரண்டாவது 19 (டிசம்பர் 6-லிருந்து), மூன்றாவது 12 (13-லிருந்து), நாலாவது வெறும் 5 (20-லிருந்து). வாங்கின திரியில் ஒன்றை முன்னாடியே பத்து நிமிஷம் எரியவிட்டு ஸ்கேலில் அளங்க. அரை செ.மீ. குறைஞ்சால் 26 நாளுக்கு 13 செ.மீ. போகும். அதுக்கு மேல மணலுக்குள் இருக்கிற மூணு செ.மீ.யும் சேர்த்துத்தான் உயரம் பார்க்கணும். ஜெபம் பத்து நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம், இரண்டு வயசுப் பிள்ளைக்கு அதுவே அதிகம்.

மின்விசிறி ஓடினால் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, மெழுகு அந்தப் பக்கமே வழிந்து, திரி குழியாகும். பத்து நிமிஷம் விசிறியை நிறுத்துங்க. டிசம்பரில் தாங்கும்.

அணைப்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடிச்ச வேலை. ஊத விடாதீங்க, முகத்துக்கு நேரா சூடான மெழுகு தெறிக்கும். சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து மூடினால் சில நொடியில் அணையும். பெரியவள் கையைப் பிடிச்சுச் செய்யலாம்.

ஆரணி_பட்டு

அகல் விளக்கு வைத்தால் என்ன? நாலு அகல், நல்லெண்ணெய், பஞ்சுத் திரி. ஊதா, வெள்ளை என்ற சண்டையே இல்லை. நம்ம மண்ணுக்கும் பொருத்தம். இல்லை, மெழுகுதிரிதான் வைக்கணும் என்று சட்டம் இருக்கிறதா?

ஓய்வு_உபதேசியார்

சட்டம் ஏதும் இல்லை, தம்பி. திருவருகைக்கால வளையம் வீட்டுப் பழக்கமாக வந்தது. அதை இன்றைய வடிவில் முதலில் வைத்தவர் கத்தோலிக்கரே அல்லர். 1839-இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர், தம் இல்லத்தில் இருந்த ஏழைப் பிள்ளைகள் ‘கிறிஸ்துமஸ் வந்தாச்சா, வந்தாச்சா’ என்று தினமும் நச்சரித்ததால், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் திரிகளை நிறுத்தினார். ஞாயிறுக்குப் பெரிய வெள்ளைத் திரி, மற்ற நாளுக்குச் சின்னச் சிவப்புத் திரி. ஊதாவும் ரோஸும் பிறகு திருவழிபாட்டு நிறத்தைப் பார்த்து வந்தவை. பிள்ளைக்கு நாளை எண்ணிக் காட்டுவதற்காகவே பிறந்த பொருள் இது. ஆகவே அகல் வைக்கலாம், தாராளமாக.

ஆனால் ரோஸ் ஒன்றை மட்டும் விடாதீர்கள். மூன்றாம் ஞாயிறு, இவ்வாண்டு டிசம்பர் 13, மகிழ்ச்சி ஞாயிறு. கோயிலில் சாமியாரின் உடை அன்று ரோஸாக மாறினால், வீட்டில் அட்டை வட்டம் ரோஸாக இருந்தால், ஐந்து வயதுப் பிள்ளை அதைத் தானே பிடித்துக்கொள்ளும்.

குடியாத்தம்_தீப்பெட்டி

ஐயா சொல்வது சரி. பாதுகாப்பில் மட்டும் அகலோடு எனக்கு ஒத்துப்போகாது. சின்னவன் தாம்பாளத்தை இழுத்தால் மெழுகுதிரி மணலில் விழும், அகல் எண்ணெயைக் கொட்டி எரியும். அகல் வைத்தால் பாதி எண்ணெய்தான், அடியை மணலில் புதைத்து வைக்கணும்.

வாலாஜா_மண்கலம்

குடிலுக்கு வருவோம். சுரூபம் (சிலை) பிளாஸ்டரா மண்ணா என்பதுதான் முதல் முடிவு. இரண்டு வயசுப் பிள்ளை உள்ள வீட்டில் இரண்டும் உடையும். இரண்டு குடில் வைப்பதே வழி. நல்ல சுரூபம் அலமாரி மேலே. கீழே அட்டைப்பெட்டியில் ஒரு குடில், துணிப் பொம்மை அல்லது கட்டைப் பொம்மை, அது முழுக்கப் பிள்ளைகளுடையது. மாடு மாதாவின் மடியில் இருந்தாலும் சரி, திருத்தாதீர்கள்.

பெரிய குடிலுக்குப் புல்: கேழ்வரகு. நெல் உயரமாக வரும், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். கேழ்வரகு எட்டு ஒன்பது நாளில் விரல் நீளம் வரும். டிசம்பர் 14 அல்லது 15 தெளித்தால் 24-க்குச் சரியாக இருக்கும். 30-க்கு 45 செ.மீ. தட்டுக்கு 50 கிராம், அதாவது ஒரு கைப்பிடி. அதற்கு மேல் போட்டால் நெருக்கத்தில் அழுகும். மண்டி வீதியில் வாங்கியதோ வீட்டில் இருப்பதோ, பழசாக இருந்தால் முளைக்காது. முந்தின வாரமே இருபது விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் பதினைந்தாவது முளைக்கவேண்டும்.

காலையில் ஊறவைத்து, சாயங்காலம் வடித்து, ஈரத்துணியில் ராத்திரி முழுக்கக் கட்டி வையுங்கள். மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். தட்டில் இரண்டு செ.மீ. மண், அதன் மேல் பரப்பி, ஈரச் செய்தித்தாளால் இரண்டு நாள் மூடுங்கள். பிறகு தாளை எடுத்து ஜன்னல் ஓரம். இருட்டிலேயே விட்டால் மஞ்சளாகச் சாயும். தெளிப்பானில் காலையும் மதியமும் தண்ணீர், ராத்திரியில் வேண்டாம்.

மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரியும். பூஞ்சை என்று எல்லாரும் தூக்கிப் போடுகிற இடம் இதுதான். தண்ணீர் தெளியுங்கள். மறைந்தால் அது வேர்த்தூவி, நல்ல அறிகுறி. மறையாமல் சிலந்திவலை போல இலைக்கு மேலேயும் படர்ந்தால் பூஞ்சை. அந்த இடத்தை மட்டும் கரண்டியால் அள்ளிப் போட்டுவிடலாம்.

முளைப்புல் மேலே பிளாஸ்டர் சுரூபத்தை நேரடியாக வைக்காதீர்கள். அடிப்பாகம் ஈரத்தை உறிஞ்சி, பெயிண்ட் கொப்பளித்து உரியும். ஓட்டுச் சில்லு ஒன்றை அடியில் கொடுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்

குழந்தை இயேசு சுரூபத்தை எப்போ வைக்கிறது? ஸ்டார் எப்போ கட்டுறது? எங்க தெருவுல டிசம்பர் 1-ஆம் தேதியே எல்லா வீட்டுலயும் ஸ்டார் எரியுது.

ஓய்வு_உபதேசியார்

குழந்தை இயேசு 24 இரவு. அதுவரை தொட்டில் வெறுமையாக இருக்கட்டும். வைக்கோல் மட்டும், பிள்ளை ஒரு நற்செயல் செய்தால் ஒரு வைக்கோல் இழை. பழைய பங்குகளில் இருந்த வழக்கம்தான். மூன்று ஞானிகளைக் குடிலிலேயே வைக்காமல் வீட்டின் எதிர் மூலையில் தொடங்கி, நாளுக்கு ஒரு சாண் நகர்த்துங்கள். ஞானிகள் குழந்தையைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா இந்த முறை ஜனவரி 3 ஞாயிறு. அன்று வந்து சேரட்டும். 1223-இல் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அமைத்த முதல் குடிலில் சுரூபமே கிடையாது. தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை. வெறும் தொட்டில் ஒன்றும் குறையான குடில் இல்லை.

ஸ்டார் விஷயத்தில் கோயில் நாட்காட்டியை மதிக்கலாமே. கட்டுங்கள், 24 வரை ஏற்றாதீர்கள்.

ஆம்பூர்_அடுப்படி

ஐயா கோவிச்சுக்காதீங்க, இது நடக்காது. தெரு முழுக்க எரியும்போது நம்ம வீட்டு ஸ்டார் மட்டும் அணைஞ்சு தொங்கினா ஐந்து வயசுப் பிள்ளைக்குக் காத்திருப்பு புரியாது, தண்டனைன்னுதான் புரியும். ஸ்டார் எரியட்டும், குடில் காலியா இருக்கட்டும். காத்திருக்க ஒரு இடம் போதும்.

குடியாத்தம்_தீப்பெட்டி

ஸ்டார் எப்போ ஏத்தினாலும் சரி, பேப்பர் ஸ்டாருக்குள் குண்டு பல்பு போடாதீங்க, 5 வாட் எல்.இ.டி. போதும். டிசம்பர் மழையில் ஹோல்டருக்குள் தண்ணி இறங்கும், அதனால் ஹோல்டர் வாய் கீழே பார்க்கணும். வயர் ஹோல்டருக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறணும். தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிடும். சீரியல் செட்டை ஜன்னல் கம்பியில் சுத்துறவங்க ஜாயின்ட் எங்கேன்னு பார்த்துச் சுத்துங்க, பிள்ளை கை வைக்கிற உயரத்தில் ஒட்டுப்போட்ட வயர் இருக்கக் கூடாது.

ஆம்பூர்_அடுப்படி

பலகாரத்தைப் பத்தி யாரும் சொல்லலையே. பிள்ளைகள் கை வைக்கக்கூடிய ஒரே கிறிஸ்துமஸ் பலகாரம் கலகலா. அச்சு முறுக்கு எண்ணெய்ப் பக்கத்திலேயே நடக்கிற வேலை, அங்கே பிள்ளையை விடாதீங்க.

அரை கிலோ மைதா, 150 கிராம் பொடிச்ச சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, சிட்டிகை உப்பு. வெண்ணெயை மாவில் முதலில் விரலால் உதிரியாகப் பிசறணும், அப்புறம்தான் முட்டை. பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் கொஞ்சம் கொஞ்சமா, 120 முதல் 150 மில்லி வரை. சப்பாத்தி மாவை விடக் கெட்டியாக இருக்கணும். அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைங்க. நெல்லிக்காயில் பாதி அளவு உருண்டை. புதுச் சீப்பை நல்லாக் கழுவித் துடைச்சு, உருண்டையை அது மேல அழுத்தித் தட்டி, ஓரத்தைப் பிடிச்சுச் சுருட்டணும், சங்கு மாதிரி வரும். முள்கரண்டியின் பின்பக்கமும் போதும். பிள்ளைகள் செய்யறது தடிப்பாத்தான் வரும், அதைத் தனியாப் போட்டுக் குறைஞ்ச தீயில் அதிக நேரம் விடுங்க. மெல்லிசும் தடிப்பும் ஒரே ஈடு போட்டா ஒண்ணு கருகும், ஒண்ணு உள்ளே மாவா நிற்கும்.

எண்ணெய் குடிச்சா மாவு தளர்வு, அல்லது எண்ணெய் காயலை. எண்ணெய்க்குள் பிரிஞ்சு உதிர்ந்தா வெண்ணெய் ஜாஸ்தி. மேலே சீக்கிரம் சிவந்து உள்ளே வேகலைன்னா சர்க்கரை ஜாஸ்தி இல்ல தீ ஜாஸ்தி. ஆறினப்புறம்தான் டப்பாவில் மூடணும், சூட்டோட மூடினா மறுநாள் நமுத்துப் போகும்.

சத்துவாச்சாரி_அம்மா

ரொம்ப நன்றி அக்கா, நன்றி ஐயா. நடு இரவுப் பூசைக்கு இரண்டு வயசுப் பிள்ளையைக் கூட்டிப் போவதா வேண்டாமா? வீட்டில் இதுதான் வாதம்.

பாலாற்றங்கரை

25 காலைப் பூசைக்குப் போனா ஒண்ணும் குறையாது. ராத்திரிப் பூசைதான் ‘நிஜம்’, காலைப் பூசை இரண்டாந்தரம்னு ஒரு நினைப்பு நம்ம ஊரில் இருக்கு, அது தப்பு. போறதா இருந்தா சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை தூங்க வைங்க, சாப்பாடு முடிச்சுக் கிளம்புங்க. பக்கவாட்டுக் கதவு ஓரமா உட்காருங்க. நடுவில் உட்கார்ந்தா அழும்போது வெளியே வர ஆறு பேரைத் தாண்டணும். வெடிச் சத்தம் பயம்னா பூசை முடிஞ்ச உடனே வெளியே வராம கூட்டம் கலையற வரைக்கும் உள்ளே குடில் பார்த்துட்டு இருங்க.

சேத்துப்பட்டு_வழி

கிறிஸ்துமஸ் காலம் 25 அன்றைக்கு முடிவதில்லை. ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை, அதாவது ஜனவரி 10 வரை குடில் இருக்கலாம். கேழ்வரகு அதுவரை தாங்காது, 30-ஆம் தேதிவாக்கில் கத்தரியால் வெட்டிவிட்டால் மறுபடி கொஞ்சம் துளிர்க்கும். இல்லையென்றால் வைக்கோல் பரப்பிவிடுங்கள்.

திருக்காட்சி அன்று நிலைப்படிக்கு மேலே சுண்ணக்கட்டியால் எழுதுகிற வழக்கம்: 20+C+M+B+27. இரு ஓரத்து எண்ணும் சேர்ந்தால் 2027. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று ஞானிகளின் பெயராகவும் சொல்வார்கள். ‘கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக’ என்ற லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகளும் அவையே. வாடகை வீட்டில் நிலைப்படியில் எழுதத் தயக்கம் என்றால் கருப்பு அட்டையில் எழுதித் தொங்க விடலாம்.

ஜனவரி 14 புனித தேவசகாயம் திருநாள். 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர், நம் தமிழ் மண்ணின் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர். நமக்குப் பொங்கல் பரபரப்பில் மறந்தே போகிறது. போகி அன்று விடியற்காலையில் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் அல்லவா, அப்போது அவர் கதையைச் சொல்லிவிட்டால் போதும்.

பிப்ரவரி 11 லூர்து அன்னை திருநாள். வேலூரிலிருந்து ஆரணி வழியாகச் சேத்துப்பட்டு போய்வரலாம், தராஸ் அடிகள் உருவாக்கிய லூர்து மாதா கோயில். 2027-இல் ஒரு சிக்கல்: தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் பிப்ரவரி 10, மறுநாளே லூர்து. இரண்டு நாளும் அலைந்தால் பிள்ளைகள் ஓய்ந்துவிடும். ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஓய்வு_உபதேசியார்

தவக்காலக் கேள்விக்கு வருகிறேன். ஒருசந்தி என்னும் நோன்பு 18 வயது நிறைந்தவர்க்கு, 60-ஆம் வயது தொடங்கும் வரை. சுத்தபோசனம், அதாவது புலால் விலக்கு, 14 வயது நிறைந்தவர்க்கு. ஐந்தும் இரண்டும் எதற்கும் கட்டுப்பட்டவை அல்ல. பட்டினி போடாதீர்கள். சாம்பலை மட்டும் எந்த வயதிலும் நெற்றியில் வாங்கலாம், கைக்குழந்தைக்கும் உண்டு. பெரியவர்கள் இன்னும் ‘விபூதிப் புதன்’ என்கிறார்கள். பிள்ளை ஏன் என்று கேட்டால், போன வருஷக் குருத்தோலையை எரித்த சாம்பல் என்று சொல்லுங்கள். வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகிய காய்ந்த ஓலையைப் பிள்ளை கையாலேயே கோயிலில் கொடுக்கச் செய்தால் அந்தத் தொடர்பு விளங்கும். முந்தின ஞாயிறே கொடுத்துவிட வேண்டும், புதன்கிழமை கொண்டுபோனால் காலம் கடந்துவிடும்.

நாள் கணக்கு: பிப்ரவரி 10 முதல் மார்ச் 27 வரை 46 நாள். ஞாயிறு ஆறைக் கழித்தால் 40. ஞாயிறுகள் தவ நாள் அல்ல. பிள்ளை மிட்டாயை விட்டுக்கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடலாம். அதற்காக அழவைக்கத் தேவையில்லை.

வாலாஜா_மண்கலம்

எண்ணுவதற்கு ஒரு வழி: உப்பு மாவு முள்முடி. மைதா இரண்டு பங்கு, தூள் உப்பு ஒரு பங்கு, தண்ணீர் முக்கால் பங்கு. மூன்று கயிறாக உருட்டிப் பின்னி வட்டமாக்குங்கள். ஈரமாக இருக்கும்போதே 40 பல்குத்தும் குச்சியைச் செருகி எடுத்து ஓட்டை வைத்துவிடுங்கள். ஓட்டை இல்லாமல் காய்ந்தபின் குச்சி உள்ளே போகாது, உடையும். வெயிலில் காயவைத்தால் மேல்தோல் முதலில் இறுகி வெடிக்கும். நிழலில் நாலு நாள், தினமும் திருப்பிப் போட்டால் வெடிக்காது. காய்ந்ததும் அந்த ஓட்டைகளில் குச்சிகளைச் செருகி, ஒரு நற்செயலுக்கு ஒரு முள்ளாகப் பிடுங்க வேண்டும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு எட்டும் வீட்டில் இது வேண்டாம், குச்சி கண்ணுக்கு ஆபத்து. புளியங்கொட்டையைப் பாட்டிலில் போட்டு எண்ணுவதும் அதே கதை, வாயில் போட்டுக்கொள்ளும். சுவரில் சார்ட் பேப்பரில் 40 கட்டம், தினம் ஒரு கட்டத்துக்கு ஊதாக் கிரேயான். நாலாம் ஞாயிறு, மார்ச் 7, மறுபடியும் ரோஸ் நிறம். அட்டைக்கு அந்த வாரம் ஒரு ரோஸ் ஓரம் கொடுங்கள்.

ஆரணி_பட்டு

குருத்தோலைச் சிலுவை யாராவது சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு வருஷமும் பின்னியது இரண்டே நாளில் தளர்ந்து விழுந்துவிடுகிறது.

சேத்துப்பட்டு_வழி

ஓலை காயும்போது சுருங்கும், அதனால்தான் கட்டு தளர்கிறது. மார்ச் 21 குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பின்னாதீர்கள். நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் வாட விடுங்கள், பிறகு இறுக்கிக் கட்டுங்கள்.

தென்னங்குருத்து ஒரு இலையின் ஈர்க்கை உரித்தால் இரண்டு நாடா கிடைக்கும். ஒன்றை 40 செ.மீ. நறுக்கி இரண்டாக மடியுங்கள், மடிப்பு மேலே. இது நிமிர்ந்த கட்டை. இன்னொன்றில் 24 செ.மீ. எடுத்து இரு முனையையும் நடுவில் சந்திக்கும்படி மடித்தால் 12 செ.மீ. கைக்கட்டை. அதை நிமிர்ந்த கட்டையின் இரண்டு மடிப்புக்கும் இடையில், மேலிருந்து 6 செ.மீ. தள்ளிச் செருகுங்கள். மிச்ச ஓலையில் நகத்தால் தீக்குச்சி அகலத்துக்கு ஒரு நார் கிழித்து, சந்திப்பில் குறுக்கும் மறுக்குமாக முன்பக்கம் பெருக்கல் குறி தெரியும்படி இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் முடிச்சு. ராத்திரி கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் சுருளாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மடிப்பதும் செருகுவதும் வரும், முடிச்சு பெரியவர்கள் போடவேண்டும்.

பனங்குருத்து என்றால் இன்னும் உறுதி, நிறமும் நாள்பட நிற்கும். மட்டையின் கருக்கு கையை அறுக்கும், ஓலையை மட்டும் பிரித்துப் பிள்ளையிடம் கொடுங்கள்.

பவனியில் வெயில் ஏறிவிடும். தொப்பி, தண்ணீர், செருப்பு. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் சின்னப் பிள்ளையை நடத்தாதீர்கள்.

ஆம்பூர்_அடுப்படி

பெரிய வெள்ளிக் கஞ்சி, நாலு பேருக்கு: பச்சரிசி 200 கிராம், லேசா வறுத்த பாசிப்பருப்பு 50 கிராம், பூண்டு பத்துப் பல், வெந்தயம் அரை டீஸ்பூன், தண்ணி ஒன்றரை லிட்டர். பெரிய குக்கரில் ஐந்து விசில், பாதிக்கு மேல் நிரப்பாதீங்க, பொங்கி வால்வை அடைக்கும். வெந்தயம் ஒரு ஸ்பூன் தாண்டினா கசக்கும், பிள்ளைகள் தொடாது. அடுப்பை அணைச்சு, கொஞ்சம் மசிச்சு, உப்பு, அரை மூடித் தேங்காய்ப்பால். கொதிக்கும்போது பால் ஊத்தினா திரிஞ்ச மாதிரி பிரியும். கோயிலுக்குப் போய் வர்றதுக்குள் களி மாதிரி இறுகியிருக்கும். பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, வெந்நீர் விட்டுக் கலக்குங்க. பொட்டுக்கடலைத் துவையல் தொட்டுக்க.

நம்ம பக்கம் ரம்ஜான் நோன்புக் கஞ்சி ரொம்பப் பிரபலம், அந்தக் கைப்பக்குவத்தில் கறி சேர்த்துடாதீங்க, சுத்தபோசன நாள்.

காட்பாடி_ஜங்ஷன்

தவக்கால வெள்ளி எல்லாத்துக்கும் சுத்தபோசனம்தானே? மார்ச் 19 வெள்ளிக்கிழமை வருது, சூசையப்பர் திருநாள். எங்க வீட்டுல ஒருத்தருக்கு அந்தப் பேர், விருந்து வைக்கலாமா?

ஓய்வு_உபதேசியார்

வைக்கலாம். திருச்சபைச் சட்டம் 1251-இல், பெருவிழா வெள்ளிக்கிழமையில் வந்தால் சுத்தபோசனம் கட்டாயமில்லை என்று இருக்கிறது. சூசையப்பர் திருநாள் மார்ச் 19 பெருவிழா. 2027-இல் அது குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளி. பிரியாணியே போடலாம். அந்த நிம்மதி, வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாளுக்கு இல்லை: மார்ச் 25 புனித வியாழன் ஆகிவிடுகிறது, ஆகவே அந்தப் பெருவிழா ஏப்ரல் 5 திங்களுக்குத் தள்ளிப்போகும்.

புனித வியாழன் மாலை வீட்டில் பாதம் கழுவுவதைச் செய்யுங்கள். பெற்றோர்தான் பிள்ளைகளின் காலைக் கழுவவேண்டும், மாறாக அல்ல. வெதுவெதுப்பான நீர், அகன்ற தட்டு, தனித்தனித் துண்டு. ஐந்து நிமிடம் ஆகும்.

பாலாற்றங்கரை

உயிர்ப்புக்கு முந்தின ராத்திரிப் பூசையான பாஸ்கா திருவிழிப்பு நீளம். பழைய ஏற்பாட்டு வாசகமே ஏழு வரை போகும், பங்கைப் பொறுத்துக் குறைப்பாங்க, மூணுக்குக் குறையாது. சின்னப் பிள்ளைகளைத் தொடக்கத்தில் வர்ற ஒளி விழாவுக்கு மட்டும் கூட்டிப் போய்ட்டு ஒருத்தர் வீட்டுக்கு அழைச்சுட்டு வரலாம். இருட்டுல பாஸ்கா திரி உள்ளே வர்ற அந்தப் பத்து நிமிஷத்தைப் பிள்ளைங்க பார்த்தாப் போதும். கையில் மெழுகுதிரி கொடுக்கிறதா இருந்தா பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டுச் செருகிக் கொடுங்க, மெழுகு கையில் வழியாது. ஐந்து வயசுக்குக் கீழே பேட்டரித் திரிதான். முன்னால் நிற்கிறவங்க நைலான் புடவை, தலைமுடி இரண்டையும் பார்த்துக்கணும்.

சேத்துப்பட்டு_வழி

உயிர்ப்புக்குப் பின் 50 நாள், மே 16 பெந்தகோஸ்து வரை. தவக்கால 40-க்கு அட்டை எழுதுகிறவர்கள் இந்த 50-ஐ விட்டுவிடுகிறார்கள். அதே சார்ட் பேப்பரைத் திருப்பி 50 கட்டம் வரைந்து மஞ்சள் கிரேயான் கொடுங்கள்.

மீதி வருஷம் சுருக்கமாக: மே மாதா வணக்க மாதம், மாலையில் ஒரு பூ பிள்ளை கையால் போதும். ஜூன் 13 அந்தோணியார், ரொட்டி வாங்கிப் பசித்தவருக்குக் கொடுத்தல். ஆகஸ்ட் 15 விண்ணேற்பு, நம் வேலூர் மறைமாவட்டப் பேராலயத்தின் பெயர்த் திருநாள். அன்று பள்ளியில் கொடியேற்றமும் இருக்கும், மாலைப் பூசைக்குப் போகலாம். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் தனியாக விளக்கவே வேண்டாம். அக்டோபர் ஜெபமாலை: முழு 53 மணி இந்த வயதுக்கு முடியாது, ஒரு பத்து மணி. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் திரி காற்றில் அணையாமல் இருக்கக் கொட்டாங்குச்சியில் மணல் போட்டு நடுங்கள்.

எல்லாவற்றையும் முதல் வருஷமே செய்ய முயன்றால் பிப்ரவரியிலேயே விட்டுவிடுவீர்கள். வளையம், குடில், குருத்தோலை மூன்றும் போதும். மற்றதை வருஷத்துக்கு ஒன்றாகச் சேருங்கள்.

சத்துவாச்சாரி_அம்மா

எல்லாருக்கும் நன்றி. தாம்பாளம், மணல், மாவிலை, அட்டை வட்டம் முடிவாகிவிட்டது. கேழ்வரகு இருபது விதை ஈரத்துணியில் வைத்துப் பார்த்தேன், இரண்டு நாளில் எட்டுதான் முளைத்திருக்கிறது. இதையே அதிகமாகப் போட்டுச் சமாளிக்கலாமா?

வாலாஜா_மண்கலம்

வேண்டாம் அம்மா. முளைக்காத விதைதான் மண்ணில் கிடந்து அழுகிப் பூஞ்சையை இழுக்கும். அதை மாவு அரைத்துக் களிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய அறுவடைக் கேழ்வரகு ஒரு படி கேட்டு வாங்கிச் சோதித்துப் பாருங்கள். 14-ஆம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.